அவளுக்கு முன்னே போய் வந்தவள்

ஜெபக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது யார் என்று சபையில் யாருக்கும் நினைவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வேலை போய்விட்டது, ஒரு வீட்டில் பிள்ளை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது, எதுவானாலும் "ஜெபக்காகிட்ட சொல்லியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. டாக்டரைப் பற்றிய கேள்வி அதற்கப்புறம்தான்.

அவள் வேலையும் கேட்பது சம்பந்தப்பட்டதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற இடத்தில் இருந்தாள். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சின்ன அறை. வெளிச்சத்தம் ஒரு பொட்டும் உள்ளே போகாது. வந்தவரை அதில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தான் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். கேட்டால் அவர் பட்டனை அழுத்துவார், இவள் தாளில் ஒரு புள்ளி வைப்பாள். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. "சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க, கேக்கலன்னா சும்மா இருங்க" என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

சிக்கல் என்னவென்றால், ஜெபத்தையும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய பாவம் எதிலும் அவள் விழுந்துவிடவில்லை. விசுவாசமும் போய்விடவில்லை. அடுப்பை அணைத்தது யார், எப்போது என்றே தெரியாமல் பானை ஆறிப்போகுமே, அந்த மாதிரி. ஆராதனைக்கு ஒரு வாரம் தவறமாட்டாள். வேதப்புத்தகத்தில் நாடாவைத் தினமும் ஒரு பக்கம் தள்ளி வைப்பாள், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். போனில் ஒரு வசதி செய்து வைத்திருந்தாள். 'உ' என்று ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், "உங்களுக்காக ஜெபிக்கிறேன், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று முழு வாக்கியமும் வந்து நிற்கும். வாலில் கைகூப்பின படம் ஒன்று. ஒரு நாளைக்கு நாற்பது 'உ' போவதும் உண்டு. ஆனால் அந்த நாற்பது பேரில் ஒருவருக்காகக்கூட அவள் கண்ணை மூடி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டால், பதில் அவளுக்கே தெரியாது.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாக்கில் கொஞ்சம் உப்பு அதிகம்.

"நான் ஹார்ன் அடிக்கிற மாதிரி நீ ஜெபிக்கிறேன், ஜெபிக்கிறேன்னு அடிக்கிற. என் ஹார்னுக்காவது நாலு பேர் விலகுறாங்க" என்பார்.

"உங்களுக்கு எல்லாமே கேலிதான்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த 'உ'வைத் தட்டுவாள்.

முதல் சம்பவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது நடந்தது. தையல்காரம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தம்மாவின் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் வாதம் வந்து, மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார்.

"ரொம்ப நன்றிக்கா. உங்களால வர முடியலன்னாலும் தங்கச்சிய அனுப்பி வெச்சீங்களே. அது வந்துட்டுப் போனதுலேர்ந்து இவரு ராத்திரி நிம்மதியா தூங்குறாரு."

ஜெபக்காவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஒற்றைப் பிள்ளை.

"எந்தத் தங்கச்சி?" என்று கேட்க வாயெடுத்தாள். சுற்றிலும் நாலைந்து பேர் நின்றுகொண்டு, ஆகா, இவளல்லவோ ஊழியக்காரி என்று பார்க்கிறார்கள். நன்றி என்று கையில் வந்து விழுந்ததைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. "இதுல என்னம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன மாத்திரத்தில் முதுகில் யாரோ ஈரக் கையை வைத்தது போல இருந்தது. வேறு யாரையோ நினைத்துக் குழம்புகிறாள் பாவம், என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறவர். ஒரு மாதம் முன்பு வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விலகியிருந்தது. அவருக்கும் இவள் அனுப்பியது வெறும் 'உ'தான்.

"உங்க தங்கச்சி உங்கள அப்படியே உரிச்சு வெச்சிருக்கும்மா" என்றார் அவர். "அதே மூக்கு, அதே நடை. வயசுதான் கம்மி. ஒத்தைப் பின்னல் போட்டு, பழுப்பு செருப்பு ஒண்ணு, அந்த வாரு அறுந்து ஊக்கு குத்தியிருந்துச்சு. நல்ல பிள்ளைக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுக்கக் கூடாதா?"

"என்ன பண்ணாங்க வந்து?" என்றாள் ஜெபக்கா. குரல் தன் குரலாகவே இல்லை.

"ஒண்ணும் பண்ணல. கால்மாட்டுல உக்காந்து என் குதிகாலை ரெண்டு கையாலயும் பிடிச்சுகிச்சு. எல்லாரும் தலையில கை வெப்பாங்க, இது காலைப் பிடிக்குதேன்னு பாத்தேன். ரொம்ப நேரம் பேசவேயில்ல. அப்புறம் பாத்தா, அழுதுகிட்டிருக்கு."

அன்றைக்குக் கூட்டத்தில் என்ன பாடினார்கள், யார் பேசினார்கள், எதுவும் அவள் மனதில் ஏறவில்லை. ஊக்கு குத்திய அந்தச் செருப்பு அவளுடையது. இருபத்து நாலு வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வருடம் முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டு அலைந்தாள். வேலை முடிந்ததும் கீழே பொது வார்டுக்குப் போய், யாருமில்லாத நோயாளிகளின் பக்கத்தில் உட்காருவாள். கைகளில் எல்லாம் ஊசியும் குழாயுமாக இருக்கும், பிடிக்க இடமிருக்காது. அதனால் குதிகாலைப் பிடித்துக்கொள்வாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அச்சுக்கூடத்தில் நாற்பது வருடம் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே காது மந்தமாகிப்போன ஒரு கிழவர் சோதனைக்கு வந்தார். பக்கத்தில் நின்று கத்தினால்தான் அவருக்கு விளங்கும். அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். தன் இடத்துக்கு வந்து பேனாவை எடுப்பதற்குள் பட்டன் விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. பிறகு எரிந்தபடியே இருந்தது.

மைக்கைத் திறந்து, "ஐயா, சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க" என்று உரக்கச் சொன்னாள்.

"கேக்குதேம்மா."

"நான் இன்னும் எதுவுமே போடலையே."

"பீப்பு இல்லம்மா. நீங்க பேசுறது."

"நான் பேசலை ஐயா."

கண்ணாடிக்கு அப்பால் கிழவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்பவரைப் போல உன்னிப்பாக இருந்தார். "மெதுவாதான் பேசுறீங்க. ஆனா தெளிவா இருக்கு. யார் யாரையோ சொல்லி அழுவுறீங்க. தையல்காரம்மா வீட்டுக்காரர் கையாம்... விழுந்து இடுப்பு விலகினவராம்... மியூசிக் வாத்தியாரு தொண்டையாம்... யாரும்மா இவங்கெல்லாம்?"

அவள் இயந்திரத்தைப் பார்த்தாள். ஒலி போகிற இரண்டு வழியும் அடைத்தே இருந்தன. எழுந்து போய்க் கதவைத் திறந்து, அவர் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தாள். பஞ்சுச் சுவர்களின் மௌனம் மட்டும்தான். தன் இரத்தம் ஓடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"இப்ப நின்னுடுச்சு" என்றார் கிழவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "நீங்க உள்ள வந்ததும் நின்னுடுச்சு."

சோதனையைத் திரும்ப முதலிலிருந்து செய்தாள். லாரி ஹார்ன் அளவு சத்தத்துக்குக் கீழே எதுவும் அவர் காதுக்கு எட்டவில்லை. தாளில் அதைத்தான் குறித்தாள், வேறென்ன குறிப்பது?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஏதாவது கேலி செய்து சிரித்தால் தேவலை என்றிருந்தது. அவரோ காலுறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சொல்ல வேண்டாம்னு இருந்தேன்" என்றார். "போன செவ்வாய்க்கிழமை, பேக்கரி ஸ்டாப் பக்கம், மத்தியானம். நீ வேகவேகமா நடந்து போய்ட்டிருந்த. ஹார்ன் அடிச்சேன். திரும்பிப் பாத்து சிரிச்ச. வெயில்ல சின்னப் பொண்ணு மாதிரி தெரியுறாளேன்னு நெனச்சேன்."

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஆஸ்பத்திரிய விட்டு நகரல."

"தெரியும். ஸ்டாப்ப தாண்டினதும் உனக்குப் போன் பண்ணேன்ல, 'டியூட்டில இருக்கேன், அப்புறம் பேசுறேன்'னு நீ வெச்சிட்ட." அவர் காலுறையைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "ஏம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? என்னைப் பாத்து நீ அப்படிச் சிரிச்சு ரொம்ப வருஷமாச்சு."

ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் போனாள். நல்ல மனிதர்தான், ஆனால் ஆராதனை முடிந்த நேரத்தில் அவரைச் சுற்றி ஈ மொய்ப்பது போலக் கூட்டம். அவள் பாதி சொல்வதற்குள் அவர் கண் அவள் தோளுக்குப் பின்னால் நின்ற அடுத்தவருக்குப் போய்விட்டது. "ஜெபிக்கிறேன் சிஸ்டர், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார்.

அவள் அங்கேயே நின்றாள். அந்த வார்த்தை வாங்குகிறவர் கைக்கு எப்படி வந்து சேரும் என்று அவளுக்கு இதுநாள்வரை தெரியாது. உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கடிதம் இல்லாதது போல இருந்தது. இத்தனை வருடமாக இதைத்தானே எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது, ஊக்குச் செருப்புக்காரியைவிடத் தன்னை நினைத்துத்தான் அவளுக்கு அதிகப் பயம் வந்தது. உயிரோடு நடமாடுவது அவள். அப்படியானால் இங்கே நிற்பது யார்?

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மியூசிக் வாத்தியார் வீட்டுக்குக் கிளம்பினாள். முப்பது வருடம் சபையில் பாடகர் குழுவை நடத்தியவர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கூட இருப்பது அவருடைய அக்கா மட்டும். ஆபரேஷன் முடிந்து நாலு மாதத்தில் அந்த அக்காவுக்கு ஜெபக்கா பதினொரு 'உ' அனுப்பியிருந்தாள். ஒரு தடவைகூட அந்தப் படியேறவில்லை.

மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது, ஒரே ஒரு படிக்கட்டு. மூச்சு வாங்க ஏறி மணியை அழுத்தினாள். அக்கா கதவைத் திறந்து ஆச்சரியப்பட்டாள்.

"வாங்க வாங்க. இப்பதான் உங்க தங்கச்சி இறங்கிப் போச்சு. படியில பாக்கலையா?"

படியில் அவள் யாரையும் பார்க்கவில்லை.

உள்ளே வாத்தியார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, மடியில் எழுதுகிற அட்டையும் பென்சிலும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு நாற்காலி. ஜெபக்கா அதில் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் எழுந்துவிடப் பார்த்தாள். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. போர்வையின் ஓரத்தில், அவர் குதிகால் இருக்கும் இடத்தில், இரண்டு கைகள் பிடித்திருந்த சுருக்கம் இன்னும் நிமிரவில்லை.

வாத்தியார் அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். பிறகு எழுதிக் காட்டினார். "அவங்க திரும்பி வரலையா?"

"நான் வந்திருக்கேன் வாத்தியாரே."

பென்சில் மெதுவாக நகர்ந்தது. "மொதல்ல மருந்து மயக்கம்னு நெனச்சேன். இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி நீங்க அப்படித்தான் இருந்தீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

பழக்கம்தான் கைகொடுத்தது. கண்ணை மூடி, "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே, இந்த வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்" என்று தொடங்கினாள். தடங்கலே இல்லாமல் வாக்கியங்கள் வரிசையாக வந்தன. மூன்றாவது வாக்கியத்தில் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. ஆஸ்பத்திரி லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல் மாதிரி இருந்தது. அட்டையில் பென்சில் தட்டுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். அட்டையில் ஒரே ஒரு சொல். "போதும்."

முகத்தில் அறைந்தது போல இருந்தது. எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போனால், கீழே எங்கேயோ காத்திருக்கிறவள் மறுபடி ஏறி வருவாள், விட்ட வேலையைச் செய்வாள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அந்த எண்ணம்தான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கு இங்கே வேலையே இல்லை என்று ஆகிவிட்டதா?

போர்வையின் மேல் கையை வைத்தாள். அவருடைய குதிகாலைப் பிடித்தாள். எலும்பும் தோலுமாக, தண்ணீரில் கிடந்த கல் மாதிரி குளிர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. அழுகையும் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்பது போலத் தயங்கிக் கேட்டாள்.

"வாத்தியாரே, உங்களுக்காக ஆண்டவர்கிட்ட நான் என்ன கேக்கணும்?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு எழுதினார். "போறதுக்குப் பயமில்ல. அக்கா தனியாயிடுவா. அவளுக்கு சண்டை போட ஆள் வேணும்."

ஜெபக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து ஏதோ ஒன்று உடைந்தது. "ஆண்டவரே" என்றாள், "இவரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியல. நாலு மாசமா பொய் சொல்லிட்டேன். ஜெபிக்கிறேன்னு சொன்னேன், ஜெபிக்கல. இவங்க அக்கா தனியா ஆயிடக் கூடாதாம். அவங்களுக்குச் சண்டை போட ஆள் வேணுமாம். நீங்க..."

அப்போதுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கால் சரியாக விழ, மறுகால் லேசாக இழுபட, வாரறுந்த செருப்பின் நடை. முதல் மாடி. இரண்டாம் மாடி. வாத்தியாரின் கண்கள் அகல விரிந்து வாசலைப் பார்த்தன. சத்தம் மூன்றாம் மாடிக்கு வந்து, கதவுக்கு வெளியே நின்றது. தட்டவில்லை. மணி அடிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குதிகாலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "நீங்க என்னை அனுப்புங்க. வேற யாரையும் அனுப்ப வேண்டாம். நான் வர்றேன்." பிறகு அழுதாள். மூக்கு ஒழுக, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சமையலறையிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வெளிய யாரோ நிக்கிற மாதிரி இருக்கே" என்று போய்க் கதவைத் திறந்தாள். வெளியே ஒருவரும் இல்லை. இறங்கிப் போகிற சத்தமும் கேட்கவில்லை.

அன்றைக்கே எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது கட்டுக்கதை. அதற்கப்புறம் நடந்தது அந்த ஊக்குச் செருப்புக்காரியோடு ஒரு பந்தயம். போன் வசதியை அழித்தாள். மூன்று நாளில் நாலு பேர், "அக்காவுக்கு எங்க மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டார்கள். தையல்காரம்மாவிடம் போய், "அது என் தங்கச்சி இல்லம்மா, நான் அனுப்பவும் இல்ல" என்று உண்மையைச் சொன்னாள். அந்தம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள், அதன்பிறகு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. யாராவது கஷ்டம் சொன்னால், "என்ன கேக்கணும்?" என்று கேட்டு, காய்கறிக் கடையோ பஸ் ஸ்டாப்போ, அங்கேயே நின்று இரண்டே வரி ஜெபித்துவிடுவாள். சிலர் கூச்சப்பட்டு அவளைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். சில வீடுகளில், "காலையிலயே தங்கச்சி வந்துட்டுப் போச்சே" என்றார்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர் மட்டும் பஸ் சாவியை ஆட்டிக்கொண்டே, "நாளைக்கு எந்த வீடு? பிள்ளைங்கள இறக்கிட்டு நான் கொண்டுபோய் விடுறேன். நாமதான் ஜெயிக்கணும்" என்பார். அந்தக் கேலியில் பாதி பயம், பாதி ஆசை.

பிறகு ஒருநாள் தபால்காரப் பெரியவர் தன் வீட்டில், "தங்கச்சி ரெண்டு வாரமா வரல, உடம்பு சரியில்லையா?" என்றார். அதற்கடுத்து வேறு வீடுகளிலும் அதே கேள்வி.

வாத்தியார் ஆறு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். முதல்நாள் சாயங்காலம்கூட ஜெபக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடக்கத்தின்போது கூட்டத்தில் ஒற்றைப் பின்னல் ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். அப்படி யாரும் இல்லை.

இப்போது செவ்வாய்தோறும் வேலை முடிந்ததும் வாத்தியாரின் அக்கா வீட்டுக்குப் போகிறாள். இரண்டு பேரும் துணி மடித்துக்கொண்டே சண்டை போடுவார்கள். ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்பதில் தொடங்கும், போதகரின் பிரசங்கம் வரைக்கும் போகும். போன வாரம் கிளம்புகிற நேரத்தில் ஜெபக்கா சொன்னாள்:

"இன்னைக்கு எனக்கு ஜெபம் வரலக்கா. உள்ள காஞ்சு கெடக்கு."

"அதை எங்கிட்ட ஏன் சொல்ற? ஆண்டவர்கிட்ட சொல்லு."

சொன்னாள். நாலே சொல். ஆமென் என்றார்கள் இருவரும்.

படியிறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, காதைத் தீட்டிக் கேட்டாள். மேலேயும் சத்தமில்லை, கீழேயும் சத்தமில்லை. அந்த மௌனத்தில் தனக்கு இருப்பது நிம்மதியா, அந்த ஒற்றைப் பின்னல்காரியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே என்ற ஏக்கமா என்று சரியாகத் தெரியவில்லை. கீழே தெருமுனையில் வீட்டுக்காரரின் பஸ் வருகிற சத்தம் கேட்டது. வேகமாக இறங்கினாள்.